எழுபத்திரண்டு பல்

"பேசாதே. பல்லை எண்ணிட்டிருக்கேன்" என்றார் சர்வேயர்.

"பேய்க்கா சார்? எத்தனை இருக்கு?" என்றாள் ஹாரன்.

மதியம் இரண்டேகால். மூடிக்கிடந்த பட்டறையின் பக்கவாட்டில் மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டு. அதில் மூன்று பேர், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல ஆளுக்கொரு படியில் உட்கார்ந்திருந்தார்கள். மேல்படியில் மெக்கானிக்கின் மனைவி. மெக்கானிக் செத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நடுப்படியில் சர்வேயர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. கீழ்ப்படியில் ஹாரன், வாயை மூட முடியாமல்.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய பட்டறைக்குள்ளிருந்து, அது மறுபடி வந்தது.

ஸ்ர்ர்ர்ர்ர்.

நின்றது. ஒரு ஆள் மூச்சு விட்டு மூச்சு வாங்குகிற அளவுக்கு இடைவெளி.

ஸ்ர்ர்ர்ர்ர்.

அவசரம் இல்லாத சத்தம். கோபமும் இல்லை. வேலை நேரத்தில் ஒரு மனிதன் கையில் கருவியை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது விரல் தானாகச் செய்யுமே, அந்த மாதிரி. சர்வேயருக்குப் பின்கழுத்தில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது. அவர் பேயை நம்பாதவர். ஆனால் நம்பாதவர்கள் கழுத்திலும் முடி இருக்கிறது. அது தன்னிஷ்டத்துக்கு எழுந்து நிற்கிறது.

அது ராட்செட்டின் சத்தம். ராட்செட் என்பது தலைக்குள் பல்சக்கரம் வைத்த, மெக்கானிக்குகளின் கைச்சாமான். கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் போல்ட் திரும்பும். மறுபக்கம் தள்ளினால் போல்ட்டை விட்டுவிட்டு வெறும் சத்தம் மட்டும் போடும். மனிதர்களிலும் இந்த ரகம் நிறைய உண்டு; அவர்களுக்குச் சங்கத்தில் பதவி கொடுத்துவிடுகிறோம்.

சர்வேயர் இருபத்தேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, செத்தவர்களின் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, அது யாருடைய கவனக்குறைவு என்று ஒரு தடவைகூட எழுதியதில்லையே என்று தோன்றிவிட்டது. அன்றிலிருந்து துப்பறிகிறார். ஹாரன் பதினெட்டு வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். ஹாரன் கெட்டுப்போன பஸ்ஸை அரை வருடம் வெறும் வாயாலேயே தெருவெல்லாம் வழிவிடச் செய்து ஓட்டியவள் என்பதால் அந்தப் பெயர். இந்த வீட்டுப் பிள்ளையையும் அவள்தான் பள்ளிக்கூடம் கூட்டிப்போனாள். அந்த உரிமையில்தான் அந்தம்மா அவளிடம் வந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

சத்தம் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போனது.

"போயிட்டார்" என்றாள் அந்தம்மா. ஆபீஸுக்குப் போன புருஷனைச் சொல்வது போலச் சொன்னாள். அவள் முகம் வற்றிக் கிடந்தது. கையில் பட்டறைச் சாவி. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருந்தது.

"அக்கா, சாவியக் குடுங்க. ஒரு தடவ தொறந்து பாத்துருவோம்."

"வேணாம். தொறந்தா வரமாட்டார்."

"வந்து என்னக்கா பண்றார், சர்வீஸா?"

"ஹாரன்" என்று அதட்டினார் சர்வேயர். பிறகு அந்தம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன தெரியணும்மா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவள் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரோட பழைய ராட்செட் உடைஞ்சுபோச்சு. நான் ஆசையா ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை குடுத்தேன். புதன்கிழமை, வண்டிக்கு அடியில இறங்கி வேலை பாக்கற குழி ஓரமா நின்னு ஒரு வேனோட இறுகின போல்ட்டப் புடிச்சு இழுத்தார். ராட்செட் நழுவிடுச்சு. பின்னாடி சாஞ்சு குழிக்குள்ள விழுந்து..." சாவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இரங்கல் கூட்டத்துல எங்க அண்ணன் மைக்ல சொன்னார். 'விவரம் தெரியாதவங்க பளபளப்பப் பாத்து வாங்கின மட்டமான சாமான்தான் என் மச்சானைக் கொன்னுச்சு'ன்னு. பேர் சொல்லல. ஆனா எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாத்தாங்க. நான் வாங்கினதுதான் அவரக் கொன்னுச்சான்னு எனக்குத் தெரியணும் சார். அதக் கேக்கத்தான் அவர் வர்றாரோன்னு இருக்கு."

"அந்த ராட்செட் எங்க?"

துண்டில் சுற்றி வைத்திருந்தாள். பாம்பை எடுப்பது போல இரண்டு விரலால், அதைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தாள். பார்வைக்கு நல்ல சாமான்தான். குரோம் பூச்சு, கைப்பிடியில் பெரிய கம்பெனியின் பெயர். சர்வேயர் அதன் தலையைப் பிடித்துத் திருப்பினார்.

டக். டக். டக். டக்.

ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு முழுச் சுற்றுக்கு முப்பத்தாறு.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள கேட்டது இது இல்லியே சார்" என்று ஹாரன் மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசுவதைச் சர்வேயர் இதற்கு முன் கேட்டதில்லை.

"இல்ல. உள்ள கேட்டத எண்ணவே முடியல. அவ்வளவு நெருக்கமான பல்."

"ஆமா சார்" என்றாள் அந்தம்மா. "உயிரோட இருந்த கடைசி மூணு நாளும் மாடியில எனக்குக் கேட்டது இந்த டக் டக்தான். வேலை பாக்கும்போது அப்படித்தான் வரும்னு நெனச்சேன். இப்ப ஸ்ர்ர்ருன்னு வருது. செத்துப்போனா சத்தம்கூட மாறிடுமா?"

"செத்ததும் நல்ல டூல்ஸா மாத்திக்கிட்டார் போல" என்ற ஹாரன், தன் வாய்க்குத் தானே பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

*

கருவிக் கடைக்காரருக்குக் கண்ணாடி தடிமன், காது மந்தம், கை மட்டும் இன்ஜினியர். கடை முழுக்க ஸ்பேனர்கள் கொக்கியில் தொங்கின. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வாடிக்கையாளர்தான் நிற்க வேண்டும்.

"நல்ல ராட்செட் ஒண்ணு வேணும்" என்றார் சர்வேயர்.

"எதுக்கு?"

"வெச்சுக்கத்தான்."

"வெச்சுக்கறதுக்குன்னா கேடயம் வாங்கிக்கங்க. திருப்பறதுக்குன்னா உக்காருங்க."

ஹாரனுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

அவர் இரண்டு ராட்செட்டை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். "எது நல்லது?"

சர்வேயர் பளிச்சென்று கனமாக இருந்ததைத் தொட்டார். கடைக்காரரின் முகத்தில் ஒரு பரமதிருப்தி படர்ந்தது; அடுத்தவன் தவறு செய்யும்போது மட்டுமே நிபுணர்களுக்குக் கிடைக்கிற திருப்தி.

"எல்லாரும் இப்படித்தான். கனத்தையும் பளபளப்பையும் பாத்து எடுக்கறீங்க. சம்பந்தம் பேசவா வந்தீங்க? கையக் குடுங்க." சர்வேயரின் கட்டைவிரலைப் பிடித்து மற்றதன் தலையில் வைத்துத் திருப்பினார். விரலுக்கடியில் மணல் சரிவது போல இருந்தது. "எழுபத்திரண்டு பல். உள்ள ஒரு சக்கரம், அதுல ஒரு குட்டி நாக்கு மாட்டும். பல்லு நெருக்கமா இருந்தா கைப்பிடிய ஒரு இம்மி அசைச்சாலே அடுத்த பல்லப் புடிச்சுக்கும். கை நுழையாத சந்துல அந்த இம்மிதான் கிடைக்கும். முப்பத்தாறு பல்லுக்கு ரெண்டு மடங்கு அசைக்கணும்."

"நெருக்கமா இருந்தா பல்லு பொடிசா இருக்குமே. உடையாதா?"

கடைக்காரர் முதல் தடவையாகச் சர்வேயரை மரியாதையாகப் பார்த்தார். "மட்டமான இரும்புன்னா உடையும். நல்ல கம்பெனிக்காரன் பல்லப் பொடிசாக்கி, நாக்க அகலமாக்கி, ஒரே நேரத்துல நாலஞ்சு பல்லப் புடிக்க வைப்பான். அத வெளியில இருந்து பாக்க முடியாது. அதனால இப்படிப் பாக்கணும்." போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் முனையை ஒரே விரலால் சுண்டினார். தயங்காமல் சுற்றியது. "மறுபக்கம் தள்ளும்போது இப்படித் தளர்வா விட்டுக்குடுக்கணும். இல்லேன்னா பாதி கழட்டின போல்ட்டத் திருப்பி மாட்டிட்டே இருப்போம், சாயங்காலம் வரைக்கும். அப்புறம் திசை மாத்துற குமிழு. எண்ணெய்க் கை பட்டா தானா மாறக்கூடாது. தலை மெலிசா இருக்கணும். உள் சாமான் தேஞ்சா தனியா கிடைக்கணும். கைப்பிடி, பிடிக்கிறவன் கைக்கு ஏத்த நீளம். அவ்வளவுதான். இதுல எதையும் யாரும் கேக்கறதில்ல. ஒரே ஒரு அம்மா கேட்டாங்க."

சர்வேயர் நிமிர்ந்தார். "எந்த அம்மா?"

"ரெண்டு மாசம் இருக்கும். மூணு நாள் தொடர்ந்து வந்தாங்க. முதல் நாள் கேள்வி. ரெண்டாவது நாளும் கேள்வி. மூணாவது நாள் ஒரு பேப்பர எடுத்து விரிச்சாங்க. புருஷன் தூங்கும்போது அவர் கையப் பேப்பர்ல வெச்சு பென்சிலால வரைஞ்சு கொண்டு வந்திருந்தாங்க. கைப்பிடி நீளம் பாக்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். இங்க ராட்செட்ட ஒழுங்கா வாங்கினது அவங்க ஒருத்தர்தான். எழுபத்திரண்டு பல், இதே ரகம்."

ஹாரன் துண்டை அவிழ்த்து மற்றதை மேஜை மேல் வைத்தாள். "இதையா வாங்கினாங்க?"

அவர் எடுத்தார். திருப்பினார். காதில் விழவில்லை, விரலில் விழுந்தது. முகம் சுளித்தார்.

"இது போலி. முப்பத்தாறு பல். பேரப் பாருங்க, கம்பெனிக்காரன் எழுத்து ஆழமா வெட்டியிருக்கும். இது மேலால கீறினது." ஒரு சாக்கெட்டை மாட்டி, அதைப் பக்கத்து இரும்பு மேஜையின் பிடிப்பானில் இறுக்கி, கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தார். டக்கென்று பிடி விட்டு, கை காற்றில் போனது. "பாத்தீங்களா? பல்லு பாதி தேஞ்சிருக்கு. புது சாமானே இல்ல. ரெண்டு மூணு வருஷம் ஓடினது. நல்லதா இருந்தா புடிச்சிருக்கும். இத வெச்சு ஒருத்தன் பலமா இழுத்தான்னா..." யாருடைய கை, எந்தக் குழி என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலும். ராட்செட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

சர்வேயர் கைப்பிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல் படுகிற இடத்தில், குரோம் பூச்சின் மேல் மெல்லிய கீறல்கள். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே அகலத்துக்குள்.

"இது என்ன?"

"மோதிரம்" என்றார் கடைக்காரர் யோசிக்காமல். "மோதிரம் போட்டுக்கிட்டு ராட்செட்டப் புடிச்சிருக்கான். விரல் சந்துல மாட்டினா மோதிரத்தோட விரலும் போயிடும். தொழில் தெரிஞ்சவன் எவனும் போடமாட்டான்."

"அப்ப தொழில் தெரியாதவனா?" என்றாள் ஹாரன்.

"இல்லேன்னா தலைவனா இருக்கணும்" என்றார் அவர்.

*

மெக்கானிக்குகள் சங்கத்தின் தலைவர், செத்தவரின் மச்சான், அந்தம்மாவின் உடன்பிறந்த அண்ணன், இரண்டு தெரு தள்ளி இன்னொரு பட்டறைக்குச் சொந்தக்காரர். நான்கும் ஒரே ஆள்தான் என்றாலும் முதல் தகுதியையே அவர் விரும்பினார். சங்க அறையில் பதினோரு கேடயங்கள் இருந்தன. பத்தில் அவர் பெயர். பதினோராவதில் எழுத்து அழிந்துவிட்டது. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: 'கருவியின் தரமே தொழிலாளியின் தன்மானம்.' அதன் கீழேயும் அவர் பெயர்.

வலதுகை மோதிர விரலில், சங்க முத்திரை பொறித்த, பட்டாணி அளவுக்குப் புடைத்த மோதிரம்.

"என் தங்கை துயரத்தில் இருக்கிறாள்" என்று அவர் ஆரம்பித்தார். தலைவர் உட்கார்ந்திருக்கும்போதும் மேடையில்தான் இருப்பார். "அந்தத் துயரம் ஒரு பாடமாக அமைய வேண்டும் என்பதே என் அவா. இன்று சந்தையில் போலிகள் மலிந்துவிட்டன. தரம் என்பது..."

"அதுக்குத்தான் வந்தோம் சார்" என்று சர்வேயர் பவ்யமாகக் குறுக்கிட்டார். "எனக்கு ஒரு ராட்செட் வாங்கணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்." கடையில் இரவலாக வாங்கி வந்த எழுபத்திரண்டையும், துண்டில் இருந்த முப்பத்தாறையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

தலைவர் பேச்சை நிறுத்தவில்லை. பல் எண்ணிக்கை, உருக்கின் குணம், உலகச் சந்தை என்று போய்க்கொண்டே இருந்தார். கைகள் இரண்டும் மேஜைக்கு அடியில் இருந்தன. சர்வேயர் அந்த மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கைவேலைக்காரன் எதிரில் கருவியை வைத்தால், பேச்சு எங்கே இருந்தாலும் கை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிடும். அவர் கணக்கில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. இந்தக் கை வெளியே வரவில்லை.

"தலைவரே, புடிங்க!" என்று கத்திய ஹாரன், துண்டில் சுற்றியிருந்த ராட்செட்டை எடுத்து அவர் மார்பைப் பார்த்து எறிந்தாள்.

மேஜைக்கடியிலிருந்து வலதுகை பாய்ந்து வந்து காற்றிலேயே பிடித்தது. நாக்கு என்னதான் தலைவராகிவிட்டாலும் கை இன்னும் மெக்கானிக்காகவே இருந்தது. கைப்பிடி உள்ளங்கையில் பல நாள் பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தது. மோதிரம் அந்தக் கீறல்களின் மேல், நடுவில், அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

ஒரு கணம். பிறகு சுட்டுக்கொண்டவர் மாதிரி அதை மேஜையில் போட்டார்.

"இது என்ன ஒழுங்கீனம்?" என்று எழுந்தார். குரல் மேடையிலிருந்து இறங்கியிருந்தது. "என் மச்சான் உயிரைக் குடித்த கருவியை..."

"மன்னிச்சுக்கங்க" என்றார் சர்வேயர். "அவங்களுக்குப் பஸ் ஓட்டின கை. பிரேக் இல்ல."

வெளியே வந்ததும் ஹாரன் குதித்தாள். "மாட்டினான் சார்! தங்கச்சி வாங்கினத அமுக்கிட்டு, தன்னோட ஓட்டை ராட்செட்ட அந்த இடத்துல வெச்சிருக்கான். புதன்கிழமை காலையில மாத்தியிருக்கான்."

சர்வேயர் தலையாட்டினார். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் செருப்பில் புகுந்த சின்னக் கல் மாதிரி ஏதோ உறுத்தியது. அது என்னவென்று தெரு முனை வரைக்கும் யோசித்தார், கிடைக்கவில்லை.

*

மறுநாள் இரண்டு மணிக்கு அந்தம்மா சாவியைத் தர மறுத்தாள்.

"உங்க ராட்செட் நல்ல சாமான்மா" என்று சர்வேயர் சொல்லிவிட்டார். "கடைக்காரரே சொன்னார். அவர் கையில இருந்தது வேற. போலி."

அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. நல்ல செய்தியை நம்ப அவளுக்கு இப்போதெல்லாம் நேரம் பிடித்தது. "அப்ப உள்ள இருக்கறது?"

"நீங்க வாங்கினது."

"அது இல்ல சார். உள்ள இருக்கறது யாரு?"

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை கேட்டது. ஸ்ர்ர்ர்ர்ர். நேற்றைவிட மெதுவாக. அவள் கண் மூடிக்கொண்டது. "அவரா இருக்கட்டும் சார்" என்றாள். "என்னைக் கொலைகாரின்னு சொல்லத்தான் வர்றார்னாலும் பரவாயில்ல. வர்றாரே."

ஹாரன் ஒரு படி மேலேறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள இருக்கறவருக்கு உசிர் இருக்கும்மா" என்றார் சர்வேயர். "செத்தவரும் திரும்பி வரமாட்டார். அது ரெண்டையும் நீங்களே உங்க கண்ணால பாத்துருங்க."

அவள் சாவியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தானே எழுந்து படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தாள்.

உள்ளே எரிந்த எண்ணெயின் வாடை. தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் கிடந்தது. ஆணியில் மெக்கானிக்கின் சட்டை, தோள்கள் இன்னும் ஆள் இருப்பது போலப் புடைத்தபடி. முன்சக்கரம் இல்லாத அந்த வேன் அப்படியே நின்றது. அதன் பக்கத்தில் குழி. குழி ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தம்மா ஒரு அடி முன்னால் வைத்தாள். அந்த முதுகு சரிந்த சரிவு அவள் புருஷனுடையது போலவே இருந்தது.

பிறகு அவர் திரும்பினார். அண்ணன்.

பின்சந்துக் கதவு திறந்திருந்தது. அதன் சாவி எப்போதும் அவரிடம் ஒன்று உண்டு. மடியில் சுத்தமான துணி ஒன்று விரிந்திருந்தது. கையில் ஒரு கீறல்கூடப் படாத ராட்செட்.

"மாத்தி வெச்சீங்க" என்றார் சர்வேயர். "தங்கச்சி வாங்கினது மேல ஆசைப்பட்டு, உங்க போலிய அவர் டூல் பாக்ஸ்ல போட்டீங்க."

தலைவர் மறுப்பார், கர்ஜிப்பார், சங்கத்தை இழுப்பார் என்று மூன்றுக்கும் பதில் வைத்திருந்தார் சர்வேயர். தலைவர் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார்.

"நான் மாத்தல. அவனாதான் கேட்டு வாங்கினான்."

சர்வேயருக்கு அப்போதுதான் உறுத்திய கல் எது என்று தெரிந்தது. மூணு நாளும் மாடியில கேட்டது டக் டக். புதன்கிழமை மட்டுமல்ல. திங்கட்கிழமையிலிருந்தே. அந்த இருபத்தேழு வருடத்தைப் போலவே இன்னொரு தடவையும் அவர் அவசரமாகக் காரணம் எழுதிவிட்டிருந்தார்.

"திங்கக்கிழமை காலையில வந்தான்" என்றார் அண்ணன். பேச்சில் மேடை இல்லை, மைக் இல்லை. "'மச்சான், உன் ராட்செட்டக் குடு'ன்னான். 'ஏன், தங்கச்சி புதுசு வாங்கித் தந்திருக்காளே'ன்னேன். 'அது அவ கடை கடையா அலைஞ்சு வாங்கினது. இந்தத் துருப்புடிச்ச வேன்ல போட்டு ஒரு கீறல் விழுந்தாலும் மனசு கேக்காது. இந்த வேலை முடியட்டும்'னான். இந்தத் துணியில சுத்தி, மேல் தட்டுல, சோப்பு டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிருந்தான். சாயங்காலம் கையக் கழுவிட்டு எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மறுபடி வெச்சிடுவான். என்கிட்டயே காட்டியிருக்கான்."

அந்தம்மா மேல் தட்டில் இருந்த சோப்பு டப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க ராட்செட் நழுவும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் சர்வேயர்.

"ரெண்டு தடவ நழுவியிருக்கு. குடுக்கும்போது வாய் வரைக்கும் வந்துச்சு." தன் மோதிரத்தைப் பார்த்தார். "சொன்னா சிரிப்பான். 'ஊருக்கெல்லாம் தரம் பேசற தலைவர் போலி வெச்சிருக்கார்'னு கூப்புட்டுக் கூப்புட்டுச் சிரிப்பான். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்துதான் சொல்லல."

"அப்புறம் அக்கா தலையில கட்டிட்டீங்க" என்றாள் ஹாரன். "கூடப் பொறந்தவதானே, தாங்கிக்குவான்னு."

"ஒரு தடவ மைக்ல சொல்லிட்டேன். அப்புறம் எப்படி எடுக்கறதுன்னு தெரியல. இத எடுத்துட்டுப் போனா என் பட்டறையில யாராச்சும் அடையாளம் கண்டுபுடிப்பாங்க. இங்க டூல் பாக்ஸ்ல வெச்சா, அப்ப அவன் கையில இருந்தது எதுன்னு கேப்பாங்க. தூக்கிப் போடலாம்னு வருவேன். நல்ல சாமான் சார். கை வரல. தினமும் எடுத்துத் திருப்பிப் பாப்பேன், தினமும் அதே இடத்துல வெச்சுட்டுப் போவேன்." தங்கையை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "நீ மேல உக்காந்து கேட்டுட்டு இருப்பேன்னு எனக்குத் தெரியாது."

கூரைத் தகரம் வெயிலில் நெட்டி முறித்தது.

"ஒரு தடவைகூட அவர் இத வெச்சு வேலை பாக்கலியா?" என்றாள் அவள்.

"இல்ல."

அவள் நடந்து குழியின் விளிம்புக்கு வந்தாள். ஹாரன் பதறி அவள் முழங்கையைப் பிடித்தாள். அவள் உதறிக்கொண்டாள். கீழே குழியின் இருட்டில் எண்ணெய்க் கறை படிந்த சிமெண்ட் தரை தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துத்தான், ஆறு வாரமாக அடக்கி வைத்த மொத்தத்தையும் சேர்த்துக் கத்தினாள்.

"அழகு பாக்கவாய்யா நான் வாங்கிக் குடுத்தேன்? உன் கைய அளந்து வாங்கினேனே, எடுத்துத் திருப்பியிருந்தா என்ன? கீறல் விழுந்தா விழட்டும்னு விட்டிருக்கக் கூடாதா? ஆறு வாரமா உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன், மடையா! மடையா!"

பட்டறை முழுக்க எதிரொலித்து அடங்கியது. திரும்பி வந்து எந்தச் சத்தமும் பதில் சொல்லவில்லை. இனி சொல்லாது என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. சர்வேயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இந்த அழுகைக்கு எழுத அவரிடம் கட்டம் கிடையாது.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

"அம்மாடி, என்னைப் போலீஸ்ல..."

"அவங்க கேக்கும்போது கேக்கட்டும். நீ முதல்ல இங்க வா."

அவர் கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்துப் போனாள். ஆறு வாரமாக இறங்கிக் கிடந்த ஷட்டரை ஒரே மூச்சில் தூக்கினாள். அது போட்ட கூச்சலில் எதிர் டீக்கடையில் பேச்சு நின்றது. பஞ்சர் கடைக்காரர் டியூபைப் பிடித்தபடியே எழுந்தார். சங்கத்துக்காரர்கள் நான்கு பேர் கிளாஸைக் கீழே வைத்தார்கள். எல்லாரும் கூட்டத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தவர்கள்.

"சொல்லு" என்றாள்.

தலைவர் பழக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்தது, வலதுகை பாதி உயரம் எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

"என் மச்சான் கையில இருந்த ராட்செட் இவ வாங்கினது இல்ல" என்றார். "என்னோடது."